எட்டு வயதில் பிரஷரா?

மூன்று வருடங்களுக்கு முன், கூடலூர் பக்கம் தேவாலாவில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஜூலை மாதம் அது. நான் அங்கே ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். இரண்டாம் வகுப்பு முடித்து மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகளுக்கு அடிக்கடி தலைவலி வந்தது. கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அப்படியும் நிற்கவில்லை.

ஒருநாள் பள்ளியிலிருந்து ஒரு சீட்டோடு வந்தாள். பரிசோதனைக்கு வந்த நர்ஸ் எழுதியது. ரத்த அழுத்தம் அதிகம், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் என்றிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. சீட்டை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த நர்ஸே போன் செய்தார். ஆபீசில் வேலை நெருக்கடி. எரிந்து விழுந்தேன்.

“எட்டு வயசுப் புள்ளைக்குப் பிரஷரா? முதல்ல உங்க மெஷினை மாத்துங்க.”

அவர் குரல் மாறவே இல்லை. “மெஷின் தப்பா இருந்தா எனக்குச் சந்தோஷம்ங்க. சனிக்கிழமை எனக்கு லீவு. ஊட்டுக்கே வந்து இன்னொருக்கா பாத்துடறேனுங்க.”

வரமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை காலை கூடலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, பாதி நனைந்தபடி வாசலில் நின்றார். என் மனைவி கொடுத்த டீயைக்கூட அப்புறம் குடிப்பதாகச் சொல்லிவிட்டு, மகளை நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்தார். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு பையிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்து, குழந்தைகளுக்கான சின்னப் பட்டையை அவள் கையில் சுற்றினார். இடைவெளி விட்டு மூன்று முறை பார்த்தார். அதன் பிறகு பெரிய பட்டையை மாட்டி, கேட்காமலே என் கையிலும் பார்த்தார். எனக்குச் சரியாக இருந்தது. மெஷின்மேல் நான் சொன்ன குறைக்கு அவர் சொன்ன பதில் அவ்வளவுதான்.

“பாப்பாவுக்கு முன்ன பாத்ததைவிட ஏறியிருக்குதுங்க. இன்னைக்கே கிளம்புங்க, நானும் வர்றேன்” என்றார்.

கூடலூர் மருத்துவமனை வரை கூடவே வந்தார். அங்கிருந்து கோவைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில்தான் தெரிந்தது, கைக்குழந்தையாக இருந்தபோது வந்த சிறுநீர்த் தொற்று ஒரு சிறுநீரகத்தில் தழும்பு விட்டுப் போயிருந்தது.

கோவை டாக்டர் பொறுமையாக விளக்கினார். “ரத்தக்குழாயோட உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமா உண்டாக்கிட்டே இருக்கும். குழாயை இளக வைக்கிறது அதுதான். சிறுநீரகம் பழுதானா அது குறையலாம். அப்ப குழாய் இறுகும், பிரஷர் ஏறும். இது மட்டுமே காரணம் இல்ல, ஆனா இதுவும் ஒண்ணு. சின்னப் புள்ளைங்களுக்கும் இப்படித்தான்.”

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவன். நைட்ரிக் ஆக்சைடு என்றால் வண்டிப் புகையில் வரும் நச்சு வாயு என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது என் மகளின் உடம்புக்குள் இத்தனை பெரிய வேலை செய்வது எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, டிராயரில் கிடந்த சீட்டுதான் ஞாபகம் வந்தது.

வார்டு வராந்தாவில் நின்றே நர்ஸுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும் அவர் குறுக்கிட்டார். “அதெல்லாம் கிடக்குதுங்க. பாப்பா சாப்பிட்டாளா? ஊறுகாய், அப்பளம் மட்டும் இனிமே வேண்டாமுங்க.”

மகள் இப்போது ஆறாம் வகுப்பு. தினமும் மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு. அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. பள்ளியில் கோ-கோ ஆடுகிறாள்.

முகம் தெரியாத ஒருவன் போனில் திட்டிய பிறகும், அவன் குழந்தைக்காக லீவு நாளில் கொட்டும் மழையில் நான் பஸ் ஏறியிருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று சொல்ல இன்றுவரை எனக்குத் துணிவு வந்ததில்லை.