கார்னர் கிக்குக்கு மட்டும் ஒரு கோச்

மழையில் ஊறிய தோல் பந்துக்கு ஒரு வாசம் உண்டு. ஈரச் செருப்பும் தேங்காய் எண்ணெயும் கலந்த மாதிரி... ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பந்து நெற்றியில் பட்டால், திங்கட்கிழமை காலை எஸ்டேட்டில் பேர் கூப்பிடும் வரை வலி இருக்கும்.

நீலகிரியில் நடுவட்டம் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட். அதற்கு ஒரு ஃபுட்பால் டீம். நான் அதில் ஆடியவன் இல்லை. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது கத்தி இடது குதிகாலில் இறங்கிவிட்டது. நடக்கலாம், ஓட முடியாது.

என் வேலை தேயிலைக்கு மருந்து அடிப்பது. காற்று எப்போது திரும்பும் என்று தெரியாமல் மருந்து அடித்தால் மொத்தமும் நம் மூஞ்சிக்குத்தான். அதனால் காற்று எனக்கு அத்துப்படி. கிரவுண்ட் ஓரத்தில் உட்கார்ந்து, "இப்ப உதைக்காத, காத்து அடங்கட்டும்" என்று கத்திக்கொண்டே இருப்பேன்.

ஃபேக்டரியில் இலை காயவைக்கும் டிரையர் பார்த்த ஜோசப் அண்ணன்தான் கேப்டன். ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏப்பா ரங்கசாமி, காலு ஓடாட்டியும் வாய் நல்லா ஓடுது. இனி கார்னர், ஃப்ரீ கிக் எல்லாம் உன் பொறுப்பு. மத்ததுல மூக்கை நுழைக்காத."

இப்படித்தான் நான் கோச் ஆனேன். நின்ற பந்துக்கு மட்டும் கோச். பந்து ஓட ஆரம்பித்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கிரவுண்ட் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். மேல் ஓரம் தேயிலை, கீழ் ஓரம் ஓடை. கீழ் மூலையிலிருந்து கார்னர் உதைத்தால் பந்து ஏற்றம் ஏற வேண்டும். இலை லாரியில் மூட்டை ஏற்றும் சுப்பிரமணிதான் எங்களுக்குக் கார்னர் உதைப்பவன். அவனிடம், "கோலைப் பாக்காத, மேல தேயிலைக்குள்ள போடற மாதிரி உதை" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். பந்து கச்சிதமாகக் கோல் முன்னால் வந்து விழும். அந்த வருஷம் பாதி கோல் அப்படி வந்ததுதான்.

அந்த வருஷ டோர்னமென்ட்டின் ஃபைனல் கேத்தி ஊரில். அவ்வளவு சமமான கிரவுண்டை எங்கள் ஆட்கள் பார்த்ததே இல்லை. குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார்கள்.

முதல் கார்னர்... எல்லார் தலைக்கும் மேலே போய் அந்தப் பக்கத்துக் கோட்டைத் தாண்டியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, பக்கத்து முட்டைக்கோசுத் தோட்டத்துக்குள்.

"ஏனுங்க, ஆட வந்தீங்களா, கோசு பறிக்க வந்தீங்களா?" என்று எதிர் டீம்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் ஏற்கெனவே ஒரு கோல் போட்டிருந்தார்கள்.

இடைவேளையில் ஜோசப் அண்ணன் என்னிடம் வந்தார். "அடுத்ததும் கோசுத் தோட்டத்துக்குப் போச்சுன்னா, நீ இனிமே ஞாயித்துக்கிழமை ஊட்டுலயே இருந்துக்க."

ஆறு நாள் முதுகில் மருந்து டேங்க் சுமக்கிறவனுக்கு அந்த ஒரு நாள்தான் நாள். அன்றைக்கு மட்டும் யாரும் என் காலைப் பார்க்க மாட்டார்கள்.

டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு சுப்பிரமணி நிற்பதையே பார்த்தேன். சமதரையில்கூட ஏற்றத்தில் பந்தைத் தூக்கி உதைக்கப் போகிற மாதிரி உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றான். அப்போதுதான் புரிந்தது. தப்பு அவன் காலில் இல்லை. எங்கள் சரிவையும் சேர்த்து நான்தான் அவன் காலுக்குள் ஏற்றி வைத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் அதை இறக்க முடியுமா?

இறக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். எப்படியும் குறியைத் தாண்டித்தான் உதைப்பான், குறியையே அவனுக்குக் கிட்டே கொண்டுவந்துவிட்டால் போதும். அடுத்த கார்னருக்கு, கோல் கம்பத்துக்கு சுப்பிரமணி இருக்கும் பக்கம், கோட்டை ஒட்டி வெளியே போய் நின்றேன். சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

"சுப்பிரமணி, கோல் இருக்கறதையே மறந்துரு. என் மூஞ்சியப் பாத்து உதை."

"அண்ணா, பட்டுருமுங்க."

"படட்டும்."

அவன் பயந்து மெதுவாக உதைத்தான். பந்து நேராக என் நெஞ்சில். சேற்றில் மல்லாந்தேன். கிரவுண்டே சிரித்தது.

ஜோசப் அண்ணன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "கோசுத் தோட்டத்துக்குப் போகலை. சரி, இன்னும் ஒண்ணு பாக்கலாம்."

எழுந்தேன். அடுத்த கார்னர் கிடைத்ததும் சுப்பிரமணியிடம் சொன்னேன். "மரியாதையெல்லாம் ஊட்டுல வெச்சுக்க. எப்பவும் போல உதைடா."

உதைத்தான். பந்து என் தலைக்கு மேலே விர்ரென்று போய்க் கோல் முன்னால் இறங்கியது. ஜோசப் அண்ணனே தலையால் முட்டி உள்ளே தள்ளினார். கடைசியில் இன்னொரு கார்னர், அதே இடம், அதே ஸ்வெட்டர். ரெண்டுக்கு ஒண்ணு என்று ஜெயித்தோம்.

ஜோசப் அண்ணன் சேற்றோடு வந்து கட்டிக்கொண்டார். "ஓடறதுக்குப் பத்துப் பேரு இருக்கோம்பா. நீ நின்னா போதும்."

ரிட்டயர் ஆகும் வரை நின்றேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் போனுடையது. இதைக் கற்றுக் கொடுத்தவள் அமெரிக்காவில் இருக்கும் பேத்தி. அவள்தான் ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு வீடியோ அனுப்பினாள்.

"அப்பிச்சி, இங்க ஃபுட்பால்னா பந்தைக் கையில தூக்கிட்டு ஓடறாங்க. ஆனா உதைக்கற நேரத்துக்குன்னு தனியா ஒரு கோச் இருக்கறாரு. ஸ்பெஷல் டீம்ஸ் கோச். நாலு உதை தப்புனா அவருக்கு வேலை போயிருமாம்."

"எனக்கு மூணுலயே போகப் பாத்துது, கண்ணு" என்றேன்.

வீடியோவில் அந்த கோச்சைப் பார்த்தேன். காதில் ஹெட்போன், கையில் பேப்பர், பின்னால் உதவிக்கு ஆட்கள். அவருடைய டீம் பையன் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. உடனே கேமரா அவர் முகத்தைத்தான் காட்டியது... கேத்தியில் அன்றைக்கு என்னைப் பார்க்க ஒரு கேமராவும் இல்லை, நல்லவேளை. ஆனால் ஒன்று. என்னால் கோல் கம்பம் வரை போய்ப் பந்து முன்னால் நிற்க முடிந்தது. அவரைக் கிரவுண்ட் ஓரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இப்போது அவர் டீம் ஆட்டம் எதையும் நான் விடுவதில்லை, போனில் பார்த்துவிடுவேன். உதைக்கிற நேரம் வந்தால் சேரை இழுத்துப் போனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "காத்து அடங்கட்டும்ங்க" என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.