டெக்குக்குள் முடிந்த புகைக்குழாய்

குளிர்காலம் வந்தால் என் மகள் தலையிடியோடுதான் எழும்புவாள். பள்ளிக்கூடம் போனால் மாறிவிடும். நானும் கணவரும் சேர்ந்து அவளுடைய போனைத் திட்டினோம், மூக்குக்கண்ணாடியை மாற்றினோம். ஒரு நாள் அவர் காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவள் தலையைச் சுற்றி, வீட்டின் பின்பக்கத்து மரத்தளமான டெக்கில் போட்டு எரித்தார். மிளகாய் நெடியே வரவில்லையாம், யாரோ கண் வைத்த பொல்லாத கண்ணூறாம்.

அந்த டெக்தான் நாங்கள் சமைக்கும் வெளிக்குசினி. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பிளாக்ஹவுஸ் பே என்ற ஊரில் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மகள் ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாள். உடுப்பில் பொரித்த மீன் மணக்கிறது என்று வகுப்பில் யாரோ மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள். உடனே அவர் டெக்குக்குக் கூரை போட்டு, மூன்று பக்கமும் தடித்த பிளாஸ்டிக் அடித்து, கரண்ட் அடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்தார். காற்றுப் புகாத வேலை. எனக்கும் பெருமைதான்.

வீட்டைச் சூடாக்கும் பழைய காஸ் பொய்லர் பழுதானபோது, புதியதைப் பொருத்திப் பூட்ட ஒரு காஸ்காரர் வந்தார். அவர் முதலில் பார்த்தது, சுவரைத் துளைத்து வெளியே வரும் புகைக்குழாயைத்தான். அதன் வாய் எங்கள் டெக்குக்குள் இருந்தது. பக்கத்தில் மகளின் அறை யன்னல்.

"இந்தப் புகை திறந்த வெளிக்குப் போகவேண்டும்," என்றார். "இதிலிருக்கும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலையிடிக்கும். பிறகு நித்திரையிலேயே ஆள் போய்விடலாம். குழாயை யன்னலை விட்டு விலத்தி வைத்துத் தருகிறேன். ஆனால் இந்த அடைப்பு இருந்தால் நான் பூட்டமாட்டேன்."

பழைய பொய்லருக்குப் போகும் காஸை நிறுத்திவிட்டுப் போனார். கணவரோ வேறு கணக்குப் போட்டார்.

"இஞ்சரும், கேளும், அந்தாள் பூட்டேக்க கழட்டிவிடுவம். போனாப்பிறகு திரும்ப அடிக்கலாம். ஒரு பக்கம் கொஞ்சம் திறந்து விட்டாப் போச்சு. உடுப்பு மணக்குதெண்டு பிள்ளை திரும்பவும் அழவேணுமே?"

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவர்மேல் மட்டுமல்ல, என்மேலும்தான். யாரோ மூக்கைப் பொத்தினார்கள் என்பதற்காக என் பிள்ளையின் மூச்சோடு விளையாடியிருக்கிறோம்! மீன் வெட்டும் கத்தியை எடுத்துப்போய்ப் பிளாஸ்டிக்கை மேலிருந்து கீழே கிழித்தேன்.

"விசரே உமக்கு? பைத்தியமே பிடிச்சிருக்கு?" என்றார்.

"ஓம், விசர்தான். இனி இதில ஒரு ஆணி அடிச்சுப் பாருங்கோ."

மிச்சத்தை அவரே கழற்றினார். முகம் மட்டும் ஒரு முழத்துக்கு நீண்டிருந்தது.

புதுப் புகைக்குழாய் வெட்டவெளியைப் பார்த்தபடி பூட்டப்பட்ட அன்று பின்னேரம், வீட்டுக்குள்ளேயே மீன் பொரித்தேன். அவர் ஓடி ஓடி அறைக்கதவுகளைச் சாத்தினார். நான் பின்னால் போய் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, வீடு முழுக்க ஸ்மெல் பண்ணுது!"

"மணக்கட்டும். உயிரோட இருக்கிற ஆக்களின்ர வீடு மணக்கத்தான் செய்யும்," என்றேன். "நாளைக்கும் பொரிப்பன்."