தூணுக்குப் பின்னால் ஒரு மேஜை

அப்பா வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகியது. மகள் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"பன்னெண்டு குடுங்கப்பா."

பத்தாம் நம்பர் ஸ்பேனர் வந்தது.

"பன்னெண்டுப்பா!"

இந்த முறை பதினான்கு.

"டிப்போவுலயும் இப்படித்தான் வேலை பாத்தீங்களா? எந்த பஸ்ஸுக்கு பிரேக் பிடிச்சுதோ!"

அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நாலு நாளாகவே அவர்மேல் அவளுக்கு ஒரு மனத்தாங்கல்.

அப்பா பஸ் டிப்போ மெக்கானிக். ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தியே கோளாறைச் சொல்லிவிடுவார். ஓடும் இன்ஜினின் தாளத்துக்கு இரண்டு ஸ்டெப்பும் போடுவார். டிப்போவில் அவர் பெயரே டான்ஸ் மாஸ்டர். அந்த இரைச்சலே கடைசியில் காதை வாங்கிக்கொண்டது. பிறகு உள்ளங்கையை வைத்துக் கோளாறு பார்த்தார். காது மெஷின் மாட்ட வெட்கம். "கிழவன்னுடுவாங்க." எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரான மகள், வெளியே தெரியாமல் காதுக்குள்ளேயே புதையும் ரகமாகத் தேடிப்பிடித்து வாங்கித் தந்தாள்.

அவளுக்கு வெளியூர் மாற்றல் வந்தது. அப்பாவையும் கூட்டிப்போக ஆசை. வீட்டில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மனசு குளிர்ந்திருக்கும் நேரத்தில் கேட்கலாம் என்று, டான்ஸ் ஷோவோடு டின்னர் தரும் ஒரு ரெஸ்டாரண்டில் இடம் பிடித்தாள்.

கிடைத்தது தூணுக்குப் பின்னால் ஒரு மேஜை. தலைக்கு மேலேயே ஸ்பீக்கர். சூப் ஆறிப்போயிருந்தது. வாசல் போஸ்டரில் ஒரு பட்டாளமே ஆடியது. மேடையில் மூன்றே பெண்கள், அதிலும் தூணுக்கு இந்தப் பக்கம் தெரிந்தது ஒருத்தி. ஐஸ்கிரீம் வருவதற்குள் ஷோ முடிந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள். அவள் மேனேஜரிடம் எகிறினாள். அப்பா மட்டும் உள்ளங்கையை மேஜைமேல் பதித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"விடும்மா. தாளம் பிரமாதம்."

காரில், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுவிட்டாள்: "என்கூடவே வந்துடுங்களேன்ப்பா. நீங்க இல்லாம எனக்கு அங்க ஓடாது."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலே இல்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள். அந்த மனத்தாங்கல்தான்.

குழாயைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினாள். வாசல்வரை வந்து கையாட்டினார். மறுநாள் காலை நெஞ்சுவலி. பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லாரும் போய் வீடு வெறிச்சோடிய பிறகு அப்பாவின் போன் அடித்தது.

"ரெஸ்டாரண்ட் வாட்ச்மேன் பேசறேன். ஐயா இருக்காரா?"

"நான் மக. என்ன விஷயம்?"

"அடடா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரே... சரி, அன்னிக்கு ஸ்பீக்கர் பக்கத்துல காது மெஷின் கீச்சுன்னு கத்துச்சாம். கழட்டி டிஸ்யூல சுத்தித் தட்டு ஓரமா வச்சிருக்காரு. சர்வர் தட்டோட அள்ளிட்டுப் போயிட்டான். மறுநாளே தேடி வந்தாரு. மக ஆசையா வாங்கிக் குடுத்தது, தொலைச்சது தெரிஞ்சா வருத்தப்படும்னாரு. வெள்ளிக்கிழமை திரும்ப வர்றேன்னு போனவரு வரவே இல்லை. பாத்திரம் கழுவுற அம்மா எடுத்து வச்சிருந்திருக்காங்க, இப்பத்தான் தெரிஞ்சுது."

பத்தாம் நம்பர் ஸ்பேனர் இன்னும் தொட்டி ஓரத்திலேயே கிடந்தது. அப்பா வரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. அவள் கூப்பிட்டதே அவர் காதில் விழவில்லை.

"பத்திரமா இருக்கும்மா. ஐயாவை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."