வேப்பிலை வைத்த எரித்திரியாக் கொடி

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்கு யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள். ஆட்களை இன்னும் காணவில்லை, வாசம்தான் முதலில் வந்தது. சனிக்கிழமை மரக்கறிப் பையோடு படியேறும்போது பச்சைக் கோப்பிக்கொட்டை வறுக்கிற மணம், கூடவே கொஞ்சம் சாம்பிராணி. அப்படியே நின்றுவிட்டேன். முழங்கால் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோர்சன்ஸில் அந்த மணம் வருகிற வீடாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அது செலாமின் வீடு. அவள் இந்த ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருசம்.

செலாம் எரித்திரியாக்காரி. எங்கள் ஊர்ச் சண்டைக்குத் தப்பி நான் டென்மார்க்குக்கு வந்த புதிதில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று பெட்டி அடுக்கினோம். கதைத்தது அரைகுறை டெனிஷ். டெனிஷ்காரருக்கு விளங்காத எங்கள் டெனிஷ் எங்களுக்கு நன்றாகவே விளங்கும். அதை நான் எங்கட தமிழிலேயே எழுதுகிறேன், வேறு வழியில்லை. என் கணவரை நான் பெயர் சொல்லாமல் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துவிட்டாள். கடைத்தெருவில் கண்டால் "ஹை, இஞ்சாருங்கோ" என்று கத்துவாள். மனுசன் வெட்கத்தில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். நானும் திருத்தவில்லை, எனக்கு அது நல்ல பகிடி.

கொடிக்கு வருகிறேன். இந்த நாட்டில் கொடிக்குப் பஞ்சமே இல்லை. பிறந்தநாள் என்றால் கன்ரீன் மேசையில் குட்டிக் கம்பத்தில் சிவப்பு வெள்ளைக் கொடி நிற்கும், கேக்கிலும் குத்துவார்கள். பூனைக்குக் கொடி வைத்துப் பிறந்தநாள் கொண்டாடினவரையும் எனக்குத் தெரியும். என் பிறந்தநாளன்று செலாம் அந்தக் கொடியை விரலால் தட்டி, "இவைக்குக் கேக்குக்கும் கொடி. எங்களுக்கு நாட்டுக்கே இல்லை" என்றாள். எங்களுக்கு என்றதில் என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவளுடைய நாட்டுக்கு முந்தி ஒரு கொடி இருந்ததாம். வெளிர்நீலத் துணியில் பச்சை ஒலிவ் இலை வளையம், நடுவில் ஓர் ஒலிவ் கொப்பு. அது ஐக்கிய நாடுகள் சபையின் நீலம். எரித்திரியாவை எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியில் சேர்த்துவைத்தபோது வந்த கொடி. பத்து வருசம் ஆகுமுன்னே எத்தியோப்பியா அதை இறக்கிவிட்டது. பிறகு முப்பது வருசச் சண்டை.

தொண்ணூற்று மூன்றில் வாக்கெடுப்பு நடந்து நாடு தனி நாடானது. செலாம் பிஸ்கட் பெட்டி மட்டையில் புதுக் கொடியைக் கீறிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். கடையில் அது எங்கேயும் கிடைக்கவில்லை. "நீ தைப்பாய்தானே" என்றாள். நான் தைத்ததெல்லாம் சாரிச் சட்டை.

"மூண்டு முக்கோணம். மேலை பச்சை, வயலுக்கு. கீழை நீலம், கடலுக்கு. நடுவிலை சிவப்பு, செத்த ஆக்களுக்கு. கம்பத்தடியிலை சிவப்பு அகலம், போகப்போக ஒடுங்குது பார். இனி ரத்தம் சிந்துறது குறைஞ்சுகொண்டு போகும்" என்றாள். கடைசியில் சொன்னது அவளுடைய சொந்த விளக்கமோ என்னவோ, எனக்கு அதுதான் பிடித்திருந்தது. சிவப்பின் மேல் அதே பழைய ஒலிவ் வளையம், இப்போது மஞ்சளில்.

நீலத்துக்கு என் உள்பாவாடை. பச்சைக்கு ஒரு சட்டைத்துணி. சிவப்புக்குக் கூறைச்சேலைச் சட்டை தைத்து மிஞ்சின துண்டை எடுத்தேன். "கலியாணத் துணியையோ வெட்டுறீர்?" என்றார் இவர். "அவளுக்கு நாடு கிடைச்சிருக்கு" என்றேன். அவர் துணியின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டார்.

ஒலிவ் மரத்தை நான் கண்டதேயில்லை. எனக்கு ஒலிவ் என்றால் போத்தலுக்குள் உப்புத்தண்ணீரில் கிடக்கிற காய். இலை வைக்கும்போது கை தன்பாட்டில் வேப்பிலையைத் தைத்துவிட்டது, ஓரமெல்லாம் பல்லோடு. "இது என்ன மரம்?" என்று செலாம் கேட்டாள். "அம்மன் கோயில் மரம். நோய் வருத்தம் அண்டாது" என்றேன். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். "இருக்கட்டும், எங்கட ஆக்களுக்கு வருத்தம் கனக்க."

எரித்திரியாக்காரர் கூடிக் கொண்டாடின மண்டபத்தில் அதைத்தான் தொங்கவிட்டார்கள். அதன் கீழே வட்டமாகச் சுற்றித் தோளைக் குலுக்கி ஆடினார்கள். நான் சுவரோரம் நின்று அழுதேன். சந்தோசம்தான், பொறாமையும்தான். செலாம் வேர்க்க வேர்க்க வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "நான் வீட்டை போறன்" என்றாள்.

போனாள். அவளுடைய நாட்டுக் கடற்கரையில் நின்று எடுத்த படம் அனுப்பினாள். அவள் போய்ச் சேர்ந்தால் நானும் ஒருநாள் போய்ச் சேருவேன் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சில வருசத்தில் அங்கே எல்லைச் சண்டை. அவளுடைய தம்பியைப் பட்டாளத்துக்குக் கொண்டுபோனார்கள், பிறகு விடவேயில்லை. செலாம் இரண்டு பிள்ளைகளோடு டென்மார்க்குக்கே திரும்பி வந்து விபோர்க் என்ற வேறு ஊரில் இருந்துவிட்டாள். தம்பியை விடாத அரசாங்கத்தின் அந்த முக்கோணக் கொடி தொங்குகிற மண்டபத்துக்கு அவள் போவதில்லை. அந்த அரசாங்கத்தை எதிர்க்கிற அவளுடைய ஆட்கள் வேறு மண்டபத்தில் பழைய நீலக்கொடியைக் கட்டுகிறார்கள். ஒரு சனம் இரண்டு மண்டபமாகப் பிரிவது எங்களுக்கு ஒன்றும் புதினமில்லைதானே.

கோப்பி மணம் பிடித்த அன்றைக்கே அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன். "இஞ்சாருங்கோ சுகமோ?" என்று கேட்டுவிட்டு, "உனக்கு இன்னும் கண் தெரியுதெண்டால் ஒரு நீலக்கொடி தைச்சுத் தா. இந்த முறை ஒலிவ் இலையாய் வை" என்றாள்.

"அந்தக் கொடி அங்கை ஏறினால் வீட்டை போவியோ?" என்று கேட்டேன்.

"பிள்ளையள் இஞ்சை. அங்கை என்னைத் தெரிஞ்சவையும் இப்ப இல்லை" என்றாள். பிறகு, "நீ? உங்கட சண்டை முடிஞ்சு கனகாலம்தானே. நீ ஏன் போகேல்லை?"

அந்த நாட்களில் ஊருக்கு எப்போது போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் மறுமொழி வாயிலேயே இருக்கும். பிரச்சினை முடியட்டும், அடுத்த நாளே போய்விடுவோம். பஸ்ஸில், தொழிற்சாலையில், கலியாண வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னோம். போகிற ஆட்களுக்கு எதற்கென்று நல்ல சோபாகூட வாங்காமல் இருந்தோம். இப்போது அந்தக் கதையைக் கதைக்க ஒருவருமில்லை. ஊரைவிட அந்தக் கதைக்காகத்தான் எனக்கு இப்போது மனம் ஏங்குகிறது.

செலாம் இன்னும் மறுமுனையில் இருந்தாள். "நீலத்துணி எத்தனை மீற்றர் வேணும்?" என்று கேட்டேன்.