நான் வெட்டிய ஹைட்ரேஞ்சியா

மலைமேல் இருக்கும் நாகலூரில் எங்கள் பக்கத்து வீட்டு சரசக்கா, புற்றுநோய் சிகிச்சைக்குச் சேலம் போகும்போது தன் ஹைட்ரேஞ்சியா செடியை என்னிடம் ஒப்படைத்தார். அந்த நீலப் பூவை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ரோஜாவைப் போலக் கவாத்து செய்தால் நிறையப் பூக்கும் என்று நினைத்து, எல்லாக் கிளைகளையும் ஒட்ட வெட்டினேன். அது பழைய கிளையில்தான் பூக்கும் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து மெலிந்து திரும்பியவர் செடியருகே உட்கார்ந்தார். ஒரு மொட்டுகூட இல்லை.

"காட்டு மாடு மேஞ்சிருச்சுங்கக்கா," என்று பொய் சொன்னேன்.

கத்தரி வெட்டிய தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "போகுது உடு கண்ணு. அடுத்த வருசம் பூக்கும்," என்றார்.

அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். உண்மையைச் சொல்ல அந்த ஒரு மாதமும் தினமும் போனேன், சொல்லாமலே திரும்பினேன். இனி யாரிடம் சொன்னாலும் அது அவரிடம் சொன்னதாகாது.