ஐந்து எகிப்தியப் படங்களும் ஒரு தருவைகுளமும்

மாசி மாதத்து முதல் சனிக்கிழமை, காலை 9.40. தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தேன். கையில் ஒரு பழைய பாடக்குறிப்பு நோட்டு. பையில் அரைக் கிலோ முந்திரி மக்ரூன். நான் கிளம்பியது எகிப்துக்கு. எகிப்துக்குப் போகிறவனுக்குத் திருச்செந்தூர் பஸ்ஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், எஸ்தர். குவைத்தில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். கூட வேலை பார்க்கிற எகிப்துப் பையனை விரும்பினாள். பையன் பெயர் மினா. எகிப்தின் கோப்து கிறிஸ்தவர்களிடையே அது ஆண்களுக்கு வைக்கிற பெயர்தான் என்று எங்கள் தெருவில் இதுவரை பதினோரு பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஈஸ்டர் கழிந்து, அலெக்சாந்திரியாவில் அவர்கள் கோவிலில் கல்யாணம்.

என் மனைவி பிலோமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க." கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. மகளிடம் தினமும் போனில் பேசுவாள். என்ன சாப்பிட்டாய், தலைவலி போனதா என்று கேட்பாள். கல்யாணப் பேச்சு வந்தால் போனை என்னிடம் நீட்டிவிடுவாள். தாயில்லாமல் அந்தப் பிள்ளை எப்படிக் கோவிலுக்குள் நடந்து போகும்?

முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் நான். பிள்ளைக்குப் பாடம் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பொருளைக் கண்ணில் காட்டவில்லை என்றுதான் அர்த்தம் என்பது என் கட்சி. எகிப்துக்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டிவிட்டால் பயம் போய்விடும், பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அதற்கு எகிப்துச் சினிமாப் படங்களைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

பஸ் முள்ளக்காடு தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் தண்ணீர் பளபளத்துக் கண்ணைக் கூசவைத்தது. பழையகாயல், முக்காணி, தாமிரபரணிப் பாலம், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், ஆறுமுகநேரி. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பத்தே முக்கால் மணிக்குக் காயல்பட்டினத்தில் இறங்கி, இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து ஒன்றுக்குள் நடந்தேன்.

மொகுதூம் காக்கா வாசலிலேயே நின்றார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுவார்கள். அவர் மகன் என்னிடம் படித்தவன். காக்கா இருபத்தாறு வருடம் ஜித்தாவில் ஒரு கடையில் இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் பாதிப் பேர் எகிப்துக்காரர்கள். கடை டிவியில் எந்நேரமும் எகிப்துப் படம்தான் ஓடுமாம். "உட்காருங்க சார். நான் அரபி படிச்சதே படம் பார்த்துத்தான்" என்றார்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி விளக்குவார். நான் எழுதிக்கொள்வேன். அன்று இரண்டு படங்கள். அடுத்த சனிக்கிழமை இன்னும் இரண்டு. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: விருந்தாளி முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவர்கள் விடமாட்டார்கள். மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குவார்கள். தேநீரில் சீனி அள்ளிப் போடுவார்கள். மாமியார் சத்தமாகப் பேசுவார், நான்கு படத்திலும்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்ததும் நோட்டைப் பிலோமிக்கு வாசித்துக் காட்டினேன். கூடை விஷயத்தை ரசித்தாள். மாமியார் விஷயம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாலு படத்துலயும் கத்துதாங்களா?"

"அது சண்டை இல்ல. அவங்க பேச்சே அப்படித்தான்னு காக்கா சொல்லுதாரு."

"நல்லா படம் பார்த்தீங்க போங்க" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் போட்ட கணக்கு எனக்கே எதிராகத் திரும்பியது. சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்று மதியம் மீன்குழம்புகூட இறங்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை அவளும் வந்தாள். எனக்காக அல்ல. காக்கா வீட்டம்மா ஆயிஷா ராத்தா போனில் கூப்பிட்டு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் செய்து வைத்திருக்கிறேன், வராவிட்டால் மனக்குறை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டு வழக்கப்படி ஆண்கள் நாங்கள் ஹாலில். பெண்கள் உள்ளறையில், வாசலில் தொங்கிய திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு அங்கிருந்தே டிவி பார்த்தார்கள். உள்ளே நடந்த பேச்சு எங்களுக்கும் கேட்டது.

"மவ அவ்வளவு தூரம் போறாளேன்னு வருத்தமா?" என்று ஆயிஷா ராத்தா கேட்டார்கள். "எங்க ஊர்ல பொண்ணு எங்கயும் போறதில்ல. கல்யாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கணும். இவுக வந்துதான் இந்த வீட்ல இருக்காக."

"கொடுத்து வச்ச ஊரு" என்றாள் பிலோமி.

காக்கா மீசைக்குள் சிரித்துக்கொண்டே ஐந்தாவது படத்தைப் போட்டார். பாதிப் படத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண் படியிறங்கி வருகிறாள். கீழே நின்ற பெண்கள் எல்லோரும் வாயருகே கையை வைத்து, நாக்கைச் சுழற்றி, கூரை அதிரச் சத்தமிட்டார்கள். காக்கா வழக்கம்போலப் படத்தை நிறுத்தி, "சந்தோஷம் வந்தா அங்க பொம்பளைங்க இப்படித்தான்…" என்று ஆரம்பித்தார்.

அவர் முடிக்கவில்லை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அதே சத்தம் வந்தது. மெல்லத் தொடங்கி, ஏறி, சுழன்று, நீண்டு நின்றது. டிவி நின்றுதான் போயிருந்தது. 

"ஆயிஷா, நீயா?" என்றார் காக்கா.

"நான் இல்ல. சார் வீட்டம்மா."

முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளின் குரல் அது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மாலை 4.20 பஸ்ஸில் திரும்பினோம். பஸ் ஆத்தூரைத் தாண்டியது. பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது கேட்டேன்.

"உனக்குக் குலவை போடத் தெரியுமா?"

"தருவைகுளத்துப் பொம்பளைக்குக் குலவை தெரியாம இருக்குமா?"

பிலோமி தருவைகுளம் என்ற கடலோர ஊரின் கத்தோலிக்கப் பெண். நான் நாசரேத்து மிஷன் குடும்பம், புராட்டஸ்டன்ட். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது விரும்பிக் கட்டிக்கொண்டோம். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஞானப்பாட்டு உண்டு, ஆர்மோனியம் உண்டு, குலவை கிடையாது. எங்கள் பெரியவர்களுக்கு அது ஆகாது.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "கோவில் வாசல்ல கார்ல ஏறி உக்காந்துட்டோம். எங்க பெரியம்மா, சித்திமாரு, செலின் அக்கா எல்லாரும் காரைச் சுத்தி நின்னு குலவை போட ஆரம்பிச்சாக. நீங்க கண்ணாடியை ஏத்திட்டு டிரைவர்ட்ட 'எடுங்க'ன்னு சொன்னீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. என் மாமாமார் கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். எனக்கு அவர்கள் முன்னால் வெட்கமாக இருந்தது.

"அதுக்கப்புறம் நான் எங்கயும் போட்டதில்ல. என் மகளுக்குக் காது குத்தும்போதுகூட" என்றாள். "இப்ப எஸ்தர் அங்க போறா. நான் போனா, அவ கோவில விட்டு வெளிய வரும்போது என்னால வாயை மூடிட்டு நிக்க முடியாது. நான் குலவை போடுவேன். அந்தப் பையன் அவுக ஆளுக முன்னால வெக்கப்பட்டுக் கண்ணாடியை ஏத்துவான். இவ உள்ள உக்காந்து பார்த்துட்டே போவா. அதை என்னால பார்க்க முடியாதுங்க."

"அங்கயும் அவங்க பொம்பளைங்க போடுதாங்கள்ல, படத்துல பார்த்தியே."

"அவுக போடுறது அவுக வீட்டுக் குலவை. நான் போடுறது பொண்ணு வீட்டுக் குலவை."

நோட்டைப் பைக்குள் வைத்தேன். கண்டக்டர் முள்ளக்காடு டிக்கெட்டைக் கேட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். எகிப்தைப் புரிந்துகொள்ள ஐந்து படம் பார்த்தவன், பக்கத்தில் இருக்கிற தருவைகுளத்தைப் புரிந்துகொள்ள என்ன செய்தேன் என்று யோசித்தேன். இத்தனை வருடத்தில் அந்த ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்பேன். சாவுத் துட்டிக்கும் விசேஷத்துக்கும் தலையைக் காட்டிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவேன். ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை.

அடுத்த புதன்கிழமை காலை ஏழு மணிக்கு சண்முகம் அண்ணாச்சியின் வாடகைக் காரில் தருவைகுளம் கிளம்பினோம். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும், அரை மணிப் பயணம். இங்கேயும் வழி முழுக்க உப்பளம்தான். ஆனால் காலை வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் உப்புக் குவியல்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. மறுநாள் சாயங்காலம் வந்து கூட்டிப் போகும்படி அண்ணாச்சியிடம் சொன்னேன். பிலோமி என் பையைத் தூக்கிப் பார்த்து, "மாத்து வேட்டியா எடுத்திருக்கீங்க?" என்று ஆச்சரியப்பட்டாள்.

செலின் மதினி பிலோமியின் அக்கா, ஒன்பது வயது மூத்தவர். வீட்டு முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் பதறி எழுந்தார். "வாங்க சார், வாங்க சார். ஏளா பிலோமி, சாருக்கு நாற்காலி எடுத்துப் போடு." அந்த வீட்டில் நான் இன்றைக்கும் சார்தான். அதுவரை அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

நாற்காலியில் உட்காரவில்லை. மதினிக்கு எதிரே மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். "மதினி, கல்யாணத்தன்னைக்குக் கார்க் கண்ணாடியை ஏத்தினது தப்பு. மன்னிச்சுக்கிடணும்" என்றேன். மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் மறந்து, வந்தது இவ்வளவுதான்.

"அதெல்லாம் பழைய கதை சார். யாரு நினைப்பு வச்சிருக்கா?" என்று அவர் மீனை அலசினார். அலசியதைச் சட்டியில் போட்டுவிட்டு, குனிந்தபடியே சொன்னார்: "வெள்ளைக் காரு. எங்க பெரியம்மா கண்ணாடியில கை வச்சிருந்தாக. காரு நகரவும் கையை எடுத்து மாருல வச்சுக்கிட்டாக."

பிறகு நோட்டை எடுத்தேன். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். நான் விடவில்லை. பெண்ணை அனுப்பும்போது முதலில் யார் குலவை எடுக்க வேண்டும், எத்தனை தடவை, எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "மூணு தடவை. பொண்ணோட தாய்தான் தொடங்கணும். தாய் இல்லன்னா பெரியம்மா. மாப்பிள்ளை என்ன செய்யணும்னா கேக்கீங்க? ஒண்ணும் செய்ய வேண்டாம். நின்னு கேக்கணும்" என்றார் மதினி. அதையும் எழுதிக்கொண்டேன். மதியம் நெத்திலிக் குழம்பு. இரண்டாம் தடவை சோறு வாங்கினேன்.

வியாழக்கிழமை மாலை 4.30. கார் வந்தது. பிலோமியும் நானும் பின்னிருக்கையில் ஏறினோம். மதினியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேரும் வாசலுக்கு வந்தார்கள். யாரும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. மதினி கதவருகே வந்து, தங்கையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, கையை வாயருகே கொண்டுபோனார். அதற்குள் சண்முகம் அண்ணாச்சி சாவியைத் திருப்பிவிட்டார்.

"அண்ணாச்சி, இன்ஜினை நிறுத்துங்க."

"ஏதும் மறந்துட்டீங்களா சார்?"

"ஆமா" என்றேன். கண்ணாடியைக் கடைசி வரை கீழே இறக்கினேன்.

முதல் குலவைக்குப் பிலோமி தலை குனிந்திருந்தாள். இரண்டாவதற்கு அவள் தோள் குலுங்கியது. மூன்றாவதில் அவளும் சேர்ந்துகொண்டாள். மூன்று என்றுதான் மதினி சொல்லியிருந்தார். ஏழெட்டு ஆயிருக்கும். அண்ணாச்சி ஸ்டீயரிங்கில் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தார். எல்லோரும் ஓய்ந்து முந்தானையால் முகம் துடைத்த பிறகுதான் நான் "எடுங்க" என்றேன்.

உப்பளங்களின் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக் கிரேன்கள் தெரியத் தொடங்கிய இடத்தில் பிலோமி என் மடியிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"மினாவுக்குப் போன் போட்டீங்கன்னா ஒண்ணு சொல்லணும்."

"என்ன சொல்ல?"

"கல்யாணத்தன்னைக்கு வர்ற கார் டிரைவர்ட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். அத்தை முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்னு."