கயிறு கட்டிய டிரைவர்

மாதத்துக்கு ஒருவராவது இன்னும் போன் போட்டுக் கேட்கிறார்கள்: "அண்ணே, அந்தக் கயிறு கட்டின டிரைவர்தான வருவாரு?" பழங்காநத்தத்தில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் என் டிராவல்ஸ் அலுவலகத்தில், போனைக் காதில் வைத்தபடி பதிவு நோட்டைத் திறப்பேன். "இல்லண்ணே, வேற ஆளு" என்று சொல்லிவிட்டு, எத்தனை சீட்டு என்று கேட்பேன்.

அந்த டிரைவர் என் அக்காவின் கணவர். அவரை அந்தப் பெயரில் ஊருக்கு விற்றவன் நான்.

கொடைக்கானல், ராமேசுவரம் என்று எல்லோரும் போட்டுத் தேய்ந்த டூர்களையே நானும் போட்டுக்கொண்டிருந்தேன். கர்நாடகப் பக்கம் ஒரு விஸ்கி ஆலை, பார்வையாளர்களை உள்ளே விட ஆரம்பித்திருப்பதாக ஒரு வாடிக்கையாளர் சொன்னார். தானியம் ஊறுவதிலிருந்து பீப்பாயில் கிடப்பது வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். கடைசியில் ஆளுக்கொரு சின்னக் கிளாஸில் ருசிக்கக் கொடுப்பார்கள். நானும் போய்ப் பார்த்தேன். மதுவை விளம்பரம் செய்ய முடியாத நாட்டில், ஆலையே கோயில் மாதிரி கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வந்தவன் ஊருக்குத் திரும்பி, காசு வாங்காமல் விளம்பரம் செய்கிறான். என்ன மூளை! எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"சாராய ஃபேக்டரியப் பாக்கவா டூரு?" என்று சிரித்தவர்களே பிறகு வந்து சீட்டைப் பதிவு செய்தார்கள். தயக்கம் ஒன்றே ஒன்றுதான். அங்கே போய் டிரைவரும் குடித்துவிட்டால்?

எனக்கு மச்சான் ஞாபகம் வந்தது.

மச்சான் பதினைந்து வருடம் குடித்தவர். அக்கா பட்டது கொஞ்சநஞ்சமில்லை. ஒரு நாள் யாரும் சொல்லாமலே அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு முனியாண்டி கோயிலுக்குப் போய், இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் கயிறு கட்டினவனை எவனும் குடிக்கக் கூப்பிடமாட்டான். கூப்பிடுகிறவனுக்கும் சாமி குத்தம் உண்டு. இரண்டு வருடம், ஒரு சொட்டு இல்லை. அக்காவின் முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"கவலையில்லாமல் போய் வாருங்கள். நம்ம டிரைவர் கயிறு கட்டியவர்." வாட்ஸ்அப்பில் இதை அனுப்பிய அன்றைக்கே வண்டி நிறைந்துவிட்டது.

ஆலை வாசலிலேயே அந்த வாசம் ஆரம்பிக்கும், பழுத்த வாழைப்பழமும் வெல்லமும் சேர்ந்து ஊறிய மாதிரி. முதல் பயணத்தில், சுற்றிக் காட்டிய பெண் பீப்பாய்களைத் தட்டி, வருடா வருடம் இதிலிருந்து கொஞ்சம் காற்றோடு போய்விடும், அது தேவதைகளின் பங்கு என்றாள். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். வெளியே வந்து மச்சானிடம் அதைச் சொன்னேன். அவர் வண்டியின் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, வெயிலில் வியர்த்து ஊற்ற உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இந்தக் காத்துல அது இருக்கா மாப்ள?"

"இருக்கத்தான் செய்யும்."

"மூக்கு வழியா உள்ள போனா கயித்துக்கு ஆகுமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பி வரும்போது மைக்கில் எல்லோருக்கும் சொன்னேன்; வண்டியே சிரித்தது. ரோட்டைப் பார்த்தபடி மச்சானும் சிரித்துவைத்தார். மனுஷன் நிஜமாகத்தான் கேட்டிருக்கிறார் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

நாலாவது பயணத்தில், விளம்பரத்துக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்று தோன்றியது. மச்சானை உள்ளே அழைத்துப்போய்ப் பீப்பாய் வரிசைக்கு முன்னால் நிறுத்தினேன். ஒரு கையில் கயிறு, மறு கையில் கிளாஸ்.

"வேணாம் மாப்ள."

"போட்டோவுக்கு மட்டும் மச்சான். ரெண்டே நிமிஷம்."

காலிக் கிளாஸாவது கொடு என்றார். காலியாக இருந்தால் படத்தில் எடுபடாது என்று, எனக்கு ருசிக்கத் தந்ததை அவர் கையில் திணித்தேன். வாசம் படாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்ததில் படம் கலங்கியது. "ஆடாம நில்லுங்க மச்சான்" என்று அதட்டி, மறுபடி மறுபடி எடுத்தேன். முடிந்ததும் கிளாஸைச் சிந்தாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவினார். வழியில் டீக்கு நிறுத்திய இடங்களிலும் கழுவினார். கழுவிவிட்டு விரலை மோந்து பார்த்தார்.

அடுத்த வாரம் பஸ் ஏறித் தனியாக அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறார். கயிற்றோடு குடித்தால் சாமிக்குத் துரோகம் என்று, தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டு, பூசாரியிடம் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் கடைக்குப் போனார். அவ்வளவு நேர்மையான மனிதர். எட்டே மாதம். ரத்தமாக வாந்தி எடுத்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் போய்விட்டார்.

கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கப் படம் கேட்டார்கள். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, அவர் நன்றாக இருந்த ஒரே படம் என் போனில் இருந்தது. விளம்பரத்தில் கைகளை மட்டும் வெட்டிப் போட்டிருந்தேன். முகத்தோடு இருந்த முழுப் படத்தை அக்கா பார்த்ததில்லை. பிளெக்ஸ் கடைக்காரர் பீப்பாய்களை எடுத்துவிட்டு மேகம் வைத்தார். கிளாஸை அழித்தார். விரல்களை மட்டும் அவரால் நிமிர்த்த முடியவில்லை.

அதையே பிரேம் போட்டு, நாகமலை புதுக்கோட்டை வீட்டில் அக்கா மாட்டியிருக்கிறாள். அங்கே போனால் முகத்தை விட்டுவிட்டு அந்தக் கையைத்தான் பார்க்கிறேன். இந்தா, நீயே வாங்கிக்கொள் என்று என்னிடம் நீட்டுவது போலவே இருக்கும். பயமாக இருக்கிறது. டூரை நான் நிறுத்தவும் இல்லை. அதற்கு என்ன காரணம் சொன்னாலும் சாக்குதான்.

போன வாரம் மாலையை மாற்றியபடி அக்கா கேட்டாள். "கைய ஏன்டா தம்பி இப்படி மடக்கி வச்சிருக்காரு? என்னத்தப் புடிச்சிருந்தாரு?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஸ்டீரிங்கா இருக்கும்க்கா."

"அதான பாத்தேன்" என்று முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "இந்தா, கயிறு இருக்குல்ல கையில. இது இருந்த வரைக்கும் அவரு வேற எதையும் தொடலடா."